யாரும் தூக்க வேண்டாத பாதை

என் மேசையின் மேல் ஒரு ரசமட்டம் இருக்கிறது. கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்க்கிற அதே சாமான்தான். முழ நீளத் தேக்குக் கட்டை, நடுவில் பித்தளைத் தகடு, தகட்டுக்குக் கீழே ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. தரை சமமாக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். தரை சாய்ந்திருந்தால் மேடான பக்கம் ஓடும். முதல் உலகப் போர் முடிந்து இராக்கின் பாஸ்ராவிலிருந்து திரும்பும்போது என் தாத்தா இதைத் தன் பெட்டியில் கொண்டுவந்தார். கட்டையின் ஓரத்தில் பல் தடங்கள் இருக்கும். அவை என் பற்கள். நாலு வயதில் என் இடது காலில் முதன்முதலாக இரும்புச் சட்டத்தைப் பூட்டியபோது, வலி தாங்காமல் நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறேன் என்று பயந்து, கையில் அகப்பட்ட இந்தக் கட்டையைத் தாத்தா என் வாயில் கொடுத்தார். நானும் வஞ்சனை இல்லாமல் கடித்து வைத்தேன்.

போன மாதம் ஒருவர் போன் செய்தார். எண்ணூர் போகிற சாலையில், திருவொற்றியூர்ப் பக்கம் தாத்தா போட்ட பூங்காவைப் புதுப்பித்திருக்கிறார்களாம். திறப்பு விழாவுக்கு ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். "உங்க தாத்தா அந்தக் காலத்துலயே நிலவடிவமைப்பாளர். பட்டாளத்துக்காரர். பாசமான தாத்தா வேற. இனிமையான நினைவுகளா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கம்மா" என்றார். இனிமையாம்! எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். அந்த மனிதரை நான் திட்டவில்லை. எழுதித் தருகிறேன் என்றுதான் சொன்னேன்.  

நிலவடிவமைப்பாளர் என்ற சொல்லைத் தாத்தா காதால் கேட்டதில்லை. பெரிய பங்களாக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் அவரைக் கூப்பிட்டனுப்புவார்கள். நிலத்தை அளந்து, மேடு பள்ளம் பார்த்து, பாதை எங்கே வரவேண்டும், எந்த மரம் எங்கே நிற்கவேண்டும், மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடவேண்டும் என்று படம் போட்டு, ஆட்களை வைத்து அதைச் செய்தும் கொடுப்பார். எங்கள் ராயபுரத்தில் அவருக்குப் 'பார்க்கு அவுல்தார்' என்று பெயர்; ஹவில்தார் என்பது அங்கே அவுல்தார். இந்த வித்தை பட்டாளத்தில் வந்தது. அவர் இருந்தது சாலை போடுகிற பிரிவு. சண்டை முடிந்த பிறகு, செத்தவர்களைப் புதைத்த இடத்தைச் சீர்ப்படுத்தும் வேலையில் அவரைப் போட்டார்களாம். வரிசை வரிசையாகக் குழிகள், குறுக்கே நேர்கோடாகப் பாதைகள். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்: "செத்தவனுக்கு நேரா ரோடு போட்டுக்கலாம் கண்ணு. அவன் எங்கியும் போவப் போறதில்ல. உசுரோட கீறவனுக்கு, அவன் எப்டி நடக்குறான்னு பாத்துத்தான் போடணும்."

நான் எப்படி நடந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. இளம்பிள்ளை வாதம். காய்ச்சல் போகும்போது இடது காலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிறகு இரும்புச் சட்டம், பூட்ஸ், இரண்டு அக்குளிலும் ஊன்றுகட்டைகள். நடக்க முடியும். மெதுவாக, ஆனால் நடக்க முடியும். அதுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. கோயில் படியா, "தூக்கிக்கினா போச்சு." பள்ளிக்கூட வாசலா, "தூக்கிக்கினா போச்சு." ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, எங்கே போனாலும் இதே பேச்சு. ராயபுரத்தில் என்னைத் தூக்காத கை கிடையாது. தூக்குகிறவர்கள் புண்ணியம் சேர்க்கிற முகத்தோடு தூக்குவார்கள். பாவாடை எங்கே ஏறுகிறது, கட்டைகள் எங்கே விழுகின்றன, எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென்று அந்தப் பெண் ஆசைப்படுகிறாள், இதெல்லாம் எவருக்கும் தோன்றாது. துறைமுகத்தில் இறக்குகிற மூட்டைக்கும் எனக்கும் ஒரே மரியாதைதான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தாத்தா ஒருவர்தான் கேட்காமல் தூக்கமாட்டார். "தூக்கட்டா, வேணாவா?" என்பார். வேண்டாம் என்றால் தகராறு இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு, பட்டாளத்துப் பாட்டு எதையாவது சீழ்க்கையடித்தபடி நிற்பார். நான் ஒரு படி ஏறக் கால் மணி நேரம் ஆனாலும் நிற்பார். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுத்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அதோடு முணுமுணுப்பு நின்றுவிடும்.

ராயபுரத்தில் பிறந்தும் நான் கடலை ஒழுங்காகப் பார்த்ததில்லை. துறைமுகம் கட்டியதிலிருந்து கடல் வடக்கே நிலத்தைத் தின்றுகொண்டு வந்தது. அதைத் தடுக்கக் கரையில் கருங்கல் கொட்டியிருந்தார்கள். கல்லில் என் கட்டைகள் ஏறாது. கல் இல்லாத இடத்தில் மணல். மணலில் கட்டைகள் புதையும். ராத்திரி முழுக்க அலைச் சத்தம் கேட்கும், பகலில் மீன் வாசனை வரும், கடல் மட்டும் யாராவது தூக்கிக் காட்டினால்தான் உண்டு. தூக்கினவருக்குக் கை வலித்ததும் கடல் முடிந்துபோகும். ஒரு நாள் நான் தாத்தாவிடம் அழுதேன். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் சமாதானமெல்லாம் சொல்லவில்லை. "உன்ன எவனும் தூக்காம, உன் காலாலயே நடந்து போயி கடல பாக்குற. பாத்துக்கினே நிக்குற. போதும்னு நீ சொல்ற வரிக்கும் நிக்குற. நானாச்சு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. பெயரைச் சொல்லமாட்டேன், என் வாயால் சொல்வதில்லை என்று ஒன்பது வயதில் எடுத்த முடிவு. துரைமார்கள் போய் நம்மவர்கள் மேனேஜர்களாக வந்திருந்த காலம். தொழிற்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த தரிசில் தொழிலாளர்களுக்கும் ஊராருக்கும் ஒரு பூங்கா என்று சொன்னார்கள். அதன் கடற்பக்கம் ஒரு பெரிய மணல்மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் மீனவர் குப்பம். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு அந்தத் தரிசைக் குறுக்கே கடந்துதான் பெரிய சாலைக்கு வருவார்கள்.

தாத்தா எடுத்தவுடனே படம் போடமாட்டார். கம்பெனியின் பாய்லர் சாம்பலை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து தரை முழுக்க மெல்லிசாகத் தூவச் சொன்னார். தினம் காலையில் என்னையும் ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு போவார். சாம்பலில் விழுந்த தடங்களைப் பார்ப்பதுதான் வேலை. கூடை சுமந்தவர்களின் வெறுங்கால்கள் விரல் விரிந்து ஆழமாகப் பதிந்திருக்கும். ஷிப்டு முடிந்து போனவர்களின் செருப்புகள் இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஆடுகள், நாய்கள், எல்லாம் இருக்கும். கூட்டம் எந்தப் பக்கம் போயிருக்கிறதோ அந்த வழியைத்தான் காகிதத்தில் பாதையாக வரைவார். நானும் நடப்பேன். என் தடம் தனி: ஒரு பூட்ஸ், ஒரு இழுப்பு, இரண்டு பக்கமும் காசு அகலத்துக்கு வட்டம். "இன்னா சர்வேயரம்மா, இன்னிக்கி எது வரிக்கும் போன?" என்று கேட்டு என் வட்டங்களைத் தேடிக்கொண்டே போவார். அவை மணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் ஒரு முளை அடித்து, "இங்கேருந்து ஆரம்பிக்கணும்" என்றார்.

அங்கிருந்துதான் அந்தப் பாதை ஆரம்பித்தது. படியே கிடையாது. மணல்மேட்டைச் சுற்றிச் சுற்றி, மலைப்பாம்பு படுத்திருப்பதுபோல், மெதுவாக ஏறும் கெட்டியான சரளைப் பாதை. சாய்வு எவ்வளவு இருக்கலாம் என்று வீட்டு முற்றத்தில் பலகைகளைச் சாய்த்து வைத்து என்னை நடக்கவிட்டுப் பார்ப்பார். எனக்கு மூச்சு வாங்கினால் பலகையைத் தாழ்த்துவார், ரசமட்டத்தை வைத்துக் குமிழி நின்ற இடத்தில் குழாயின் மேல் மசியால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோடு இன்னமும் மங்கலாகத் தெரிகிறது. அதற்கு மேல் சாயக்கூடாது என்று ஆட்களுக்கு உத்தரவு. காற்றுக்குத் தடுப்பாகப் பூவரசும் சவுக்கும் வைத்தார். குப்பத்துக்காரர்கள் வலை உலர்த்த ஒரு மைதானத்தை மரமே இல்லாமல் விட்டார். கூடைக்காரிகள் இறக்கி வைத்து மூச்சு விட, அவர்கள் உயரத்துக்கு ஒரு கல் மேடை. வேலை முடியும்வரை என்னை மேட்டுப்பக்கம் விடவில்லை. "தெறப்பு அன்னிக்கு நீதான் மொதல்ல" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வருடம் நான் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

திறப்புக்கு முந்தின வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பாஸ்ராவில் பிடித்த மலேரியா, வருடத்துக்கு ஒரு தடவை வந்து படுக்கையில் தள்ளும். பல் கிடுகிடுக்கப் படுத்திருந்தவர், விழா அன்று எழுந்து கோட்டை மாட்டி, மெடல்களைக் குத்திக்கொண்டு, என்னோடு ரிக்‌ஷாவில் ஏறினார். எனக்குப் புதுக் கவுன். வாசலில் இறங்கினோம். அங்கே, அவர் படத்தில் இல்லாத ஒன்று நின்றது.

இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் இரும்புத் தூண்கள். ஒரு ஆள் ஒடுங்கி நுழைகிற இடைவெளி. அந்த இடைவெளியில் ஒரு கம்பம், கம்பத்தில் சிலுவைபோல் நாலு கைகள். இடுப்பால் தள்ளினால் சுழன்று ஒவ்வொருவராக உள்ளே விடும். மற்ற இடமெல்லாம் சுற்றிக் கம்பி வேலி. தாத்தா காய்ச்சலில் கிடந்த வாரத்தில் நட்டிருக்கிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு கட்டைகளையும் ஒரு இரும்புக் காலையும் வைத்துக்கொண்டு அந்தப் பொறிக்குள் நான் எப்படி நுழைவேன்? முயன்று பார்த்தேன். ஒரு கட்டை மாட்டிக்கொண்டது, இரும்புக் கை முட்டியில் இடித்தது. பின்னால் வெள்ளைச் சட்டைகள் வரிசையில் காத்திருந்தன.

மேனேஜர் வந்தார். தாத்தா அவரிடம் கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எதுக்குங்க சார் இது?"

"மாடு வரும் மிஸ்டர்."

"மாட்டுக்கு ஒரு கொக்கி வெச்ச கதவு போதுங்களே. மாட்டுக்குக் கொக்கி தூக்கத் தெரியாது. இது மனுசன நிறுத்துற கதவு சார்."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இது பார்க்கு. மீன் கூடைக்குக் குறுக்கு வழி இல்லை. நாத்தம் தாங்கலைன்னு கம்பெனி பங்களாவிலிருந்து சொல்றாங்க." பிறகு என்னைப் பார்த்தார். சிரித்தார். "குழந்தைதானே? தூக்கிட்டு வந்துடுங்க."

இதை எழுதும்போதும் என் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. நிலத்தின் ஒவ்வொரு அடியையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, யாரும் தூக்கவேண்டாம் என்பதற்காகவே ஒரு மனிதர் ஒரு வருடம் உழைத்திருக்கிறார். அதன் வாசலில் நின்றுகொண்டு, அவரிடமே, தூக்கிட்டு வந்துடுங்க! தாத்தா குனிந்தார். ஆமாம், குனிந்தார். பட்டாளத்தில் மேலதிகாரி சொன்னால் உடம்பு தானாகக் கேட்டுவிடும் போலிருக்கிறது. கைகளை நீட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, "தூக்கட்டா?" என்று கேட்காமல் நீட்டினார். நான் கட்டையால் அவர் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். "தூக்காத தாத்தா!" என்று கத்தினேன். உள்ளே விழாப் பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நிமிர்ந்தார். கையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்புறம் வாசலுக்கு வெளியே, சாலையோரக் கல்லில், கோட்டும் மெடலுமாக உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே மைக்கில் பேசினார்கள். மாலை போட அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. அன்றைக்கு என்னைவிட அவருக்குத்தான் அதிக அவமானம் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பொழுது சாய்கிற நேரம் குப்பத்துப் பெண்கள், விற்றது போக மீதிக் கூடையோடு வீடு திரும்பினார்கள். எங்கள் தெருவுக்கும் மீன் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி முன்னால் வந்தாள். குரல் வெண்கலம். தலையில் கூடையோடு வாசலுக்கு வந்தவள், கூடை தூண்களில் இடித்து நின்றாள். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். நுழைய முடியவில்லை.

"அட, எலிப்பொறி மாறி இன்னாடா இது? எங்க வூட்டுக்குப் போற வழில எந்தப் பேமானிடா கம்பத்த நட்டான்?" என்று கத்தினாள். தாத்தாவைப் பார்த்ததும் இன்னும் ஏறியது. "இன்னா அவுல்தாரே, நீ போட்ட பாதைதான? நீயே வெளிய குந்திகினு கீற! பாப்பாவுக்கும் வழி இல்லியா?"

தாத்தா தலையை மட்டும் ஆட்டினார்.

"சரி. இரு" என்றாள் அக்கா. வேலியோரமாகச் சுற்றிக் குப்பத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது கூட ஒரு கூட்டம் வந்தது, ஆண்களும் பெண்களும். தோளில் பெரிய வலையின் வடக்கயிறு. கரையில் நின்று ஊரே சேர்ந்து கடலிலிருந்து வலையை இழுக்குமே, அந்தக் கயிறு. ஒருவன் அதைக் கம்பத்தின் அடியில் கட்டினான். அப்போதுதான் தாத்தா எழுந்தார். கோட்டைக் கழற்றி என் மடியில் வைத்தார். அந்த முடிச்சை அவிழ்த்தார். "மேல கட்டுடா. அடியில கட்டினா கயிறுதான் அறும்" என்று சொல்லி, பட்டாளத்து முடிச்சாக உச்சியில் கட்டிக் கொடுத்துவிட்டு விலகி நின்றார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

வலை இழுக்கிற சத்தம் போட்டு, காலை ஊன்றி, அவர்கள் இழுத்தார்கள். மேனேஜர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. கம்பம் சாய்ந்தது. ஒரு தூணும் சேர்ந்து சாய்ந்தது. பெண்கள் யாரும் முதலில் நுழையவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "போ பாப்பா" என்றாள்.

நான் நடந்தேன். தாத்தா கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தார். திரும்பிப் பார்த்தபோது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தார். கை தானாக நீண்டுவிடக் கூடாதே என்று. பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. எங்கேயும் எனக்கு மூச்சு வாங்கவில்லை. உச்சிக்குப் போனேன். கடல் இருந்தது. கண் போகிற தூரம் வரை இருந்தது. கட்டுமரங்கள் கரையேறிக் கிடந்தன, தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகத்துக்காகக் காத்து நின்றது. எனக்கு அழுகையாக வந்தது, சந்தோஷம் தாங்கவில்லை. இருட்டும் வரை நின்றேன். போதும் என்று நான்தான் சொன்னேன்.

இறங்கி வரும்போது போலீஸ் நின்றது. யார் இழுத்தது என்று கேட்டார்கள். "நான்தான் கட்டினேன்" என்றார் தாத்தா. வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. மெடல் குத்திய கோட்டோடு அவரை ஸ்டேஷனில் தரையில் உட்கார வைத்தார்கள். மறுநாள் எச்சரித்து விட்டுவிட்டார்கள். பூங்காவின் திறப்பு விழாக் கல்வெட்டிலிருந்து அவர் பெயரைக் கொத்தி எடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. கம்பத்தை சிமெண்டு போட்டு மறுபடி நட்டார்கள், காவலுக்கு ஆளும் போட்டார்கள். கூடைக்காரிகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடல் எனக்கு அந்த ஒரு சாயங்காலத்தோடு சரி. தாத்தா மூன்று வருடத்தில் இறந்தார். கம்பெனியிலிருந்து மலர்வளையம் வந்தது. அம்மா வாங்கி வைத்தாள். நான் கட்டையால் அதைத் தெருவுக்குத் தள்ளினேன். அடக்கத்துக்கு வந்தவர்கள் அமைதியான மனிதர் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அமைதியாம்! பாதையை எல்லாம் போட்டுவிட்டு வெளியே உட்காரவைக்கப்பட்ட மனிதர் அவர்.

மலருக்கு எழுதுவதற்கு முன் புதுப் பூங்காவை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நேற்று போனேன். இப்போது சக்கர நாற்காலி. ஆட்டோ ஓட்டும் தம்பி குப்பத்துப் பையன்தான், என்னைக் கேட்டுத்தான் ஏற்றி இறக்குவான். மடியில் ரசமட்டத்தை வைத்திருந்தேன். பழைய சுழல் கம்பம் இல்லை. மாற்றுத் திறனாளிகளுக்கென்று சட்டம் வந்துவிட்டதல்லவா, வாசலில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். நாற்காலிப் படம் போட்ட நீலப் பலகைகூட இருக்கிறது. தம்பியிடம் சொல்லி ரசமட்டத்தைச் சாய்தளத்தில் வைக்கச் சொன்னேன். குமிழி தாத்தாவின் மசிக் கோட்டைத் தாண்டி ஓடிப்போய்க் குழாயின் முனையில் ஒட்டிக்கொண்டது. சாய்தளத்தின் உச்சியில், ஒரு முழ இடைவெளியில், வரிசையாக இரும்புக் கம்பங்கள். மோட்டார் சைக்கிள் வராமல் இருக்கவாம், என் நாற்காலியும் அதில் நுழையாது.

உள்ளேயிருந்து ஒரு இளம் அதிகாரி ஓடிவந்தார். நல்ல பிள்ளை. முகமெல்லாம் சிரிப்பு. "ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. நாலு பேர் இருக்கோம். தூக்கிடலாம்" என்றார்.

நான் ரசமட்டத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கம்பங்களுக்கு அப்பால், மணல்மேட்டைச் சுற்றி, அதே பாதை அப்படியே ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி, வண்டில கயிறு கீதா?" என்று ஆட்டோக்காரனைக் கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். கம்பங்களைப் பார்த்தான். "கீது ஆயா. எங்க கட்டணும்?"

"மேல கட்டு" என்றேன்.